கடலுக்குப் பிறந்து, பாலைவனத்தில் பறந்த விமானங்கள்! ரீனோ பந்தயத்தின் வேகமும் விலையும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கிறது ரீனோ. சூதாட்ட விடுதிகளும் வண்ண விளக்குகளுமாக, லாஸ் வேகஸின் தங்கச்சி மாதிரியான ஊர். 'உலகின் மிகப் பெரிய சின்ன நகரம்' என்று நடுத்தெருவில் வளைவு கட்டி எழுதியே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து 395-ம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச நேரம் காரில் போனால், சாம்பல் பச்சை நிறத்தில் புதர் மண்டிய வறண்ட சமவெளி வரும். ஒரு பக்கம் பீவைன் மலை. நடுவே இரண்டு ஓடுபாதைகள். அதுதான் ஸ்டெட் விமான நிலையம்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,540 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட நம் ஏற்காடு அளவு. ஆனால் ஏற்காட்டின் பசுமையை இங்கே தேடக் கூடாது. பகலில் வெயில் கண்ணைக் கூசவைக்கும். அதே செப்டம்பர் மாதத்தின் அதிகாலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது.

1966 முதல் 2023 வரை, ஏறக்குறைய எல்லா செப்டம்பரிலும் இந்தப் பாலைவனத்தில் ஓர் அபூர்வத் திருவிழா நடந்தது. தரையிலிருந்து ஒரு பனைமர உயரத்தில், மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும் விமானப் பந்தயம்!

அதில் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. பசிபிக் கடல் இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால், இந்தப் பந்தயத்தில் பல முறை மகுடம் சூடியவை, கடலுக்காகவே செய்யப்பட்ட விமானங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கப்பல் மேல்தளத்திலிருந்து எழும்பி, அதே கப்பலில் வந்து இறங்குவதற்காக உருவான கடற்படைப் போர் விமானங்கள்!

கப்பலுக்கான விமானங்கள் பாலைவனத்துக்கு எப்படி வந்தன? வந்த இடத்தில் என்னவெல்லாம் ஆயின? அந்தக் கதையில் சாதனைகளுக்கு இணையாக விபத்துகளும் இருக்கின்றன.

ஆடும் தளத்தில் இறங்கும் வித்தை

சாதாரண விமானத்துக்கு நீளமான ஓடுபாதை உண்டு. கப்பல் விமானத்துக்கு அது கிடையாது. அலையில் மேலும் கீழும் ஆடுகிற சின்னத் தளத்தில், 'தொப்'பென்று விழுவதுபோலத்தான் இறங்க வேண்டும். விமானத்தின் வால்பகுதியில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்து நிறுத்தும். 'கட்டுப்பாட்டோடு நடக்கும் விபத்து' என்றே விமானிகள் இதைக் கேலியாகச் சொல்வார்கள்.

தினமும் இப்படி விழுந்து எழ வேண்டுமென்றால், உடம்பு உறுதியாக இருக்க வேண்டும். அதனால்தான் இவற்றின் சக்கரக் கால்கள் தடிமனானவை. சிறகுகள், கப்பலுக்குள் இடத்தை அடைக்காமல் மடங்கக்கூடியவை. என்ஜினும் அப்படித்தான். சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கப்பட்டு, காற்றாலேயே குளிர்விக்கப்படும் 'ரேடியல்' வகை. தண்ணீரோ ரேடியேட்டரோ தேவையில்லை. ஒரு சிலிண்டரில் குண்டு பாய்ந்தால்கூட மற்றவற்றின் தயவில் கப்பலுக்குத் திரும்பிவிட வாய்ப்பு உண்டு. நடுக்கடலில் என்ஜின் நின்றால் இறங்க வயல்வெளியா இருக்கிறது?

இந்தக் குடும்பத்தில் மூவர் முக்கியமானவர்கள்.

முதலாவது, வாட் நிறுவனத்தின் 'கோர்ஸேர்'. 1940-ல் முதல் முறை பறந்தது. 18 சிலிண்டர் என்ஜின், சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் விசிறி. அவ்வளவு பெரிய விசிறி தரையில் இடிக்காமல் இருக்க வேண்டும். அதற்காகக் கால்களை நீளமாக்கினால் இறங்கும்போது ஒடிந்துவிடும். என்ன செய்வது? சிறகையே கீழ்நோக்கி வளைத்து, வளைவின் அடியில் சக்கரத்தைப் பொருத்தினார்கள். பறக்கும் நாரையைப் போன்ற அந்த வளைந்த சிறகுதான் கோர்ஸேரின் அடையாளம்.

இரண்டாவது, கிரம்மன் நிறுவனத்தின் 'பேர்கேட்'. 1944 ஆகஸ்டில் முதல் பறப்பு. முடிந்தவரை பெரிய என்ஜின், முடிந்தவரை சின்ன உடம்பு. அவ்வளவுதான் இதன் சூத்திரம். போர்முனைக்குப் போவதற்குள் உலகப் போரே முடிந்துவிட்டது.

மூன்றாவது, பிரிட்டனின் 'ஸீ ஃப்யூரி'. பிஸ்டன் என்ஜின் போர் விமானங்களின் கடைசித் தலைமுறை. கொரியப் போரில் பங்கேற்றது.

திருகோணமலையும் கோவையும்

இவற்றில் கோர்ஸேர், நம் பக்கத்துக்குப் புதிதல்ல. இதன் நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைக்கிறது என்று அமெரிக்கக் கடற்படை முதலில் இதைக் கப்பல்களில் ஏற்றத் தயங்கியது. பிரிட்டிஷ் கடற்படையோ வளைந்து வந்து இறங்கும் முறையைக் கையாண்டு சமாளித்தது. 1944 ஏப்ரலில், திருகோணமலையிலிருந்து புறப்பட்ட 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலில் கோர்ஸேர்கள் இருந்தன. ஜப்பானியர் வசமிருந்த சுமத்ராவின் சபாங் துறைமுகம் தாக்கப்பட்டபோது, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்தவை அவைதான்.

அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களுக்கான பராமரிப்புத் தளம் ஒன்று இயங்கியது. அதன் பெயர் 'கருடா'. பக்கத்தில் சூலூரில் இருந்த தளத்துக்கு 'வைரி' என்று பெயர். இலங்கையின் புத்தளம் தளத்தில், சேற்றில் சிக்கிய விமானங்களை இழுக்க யானைகளைப் பயன்படுத்தினார்கள்.

போர் முடிந்தது. அமெரிக்கா இரவலாகக் கொடுத்த விமானங்களைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். பிரிட்டிஷ் கோர்ஸேர்கள் பலவற்றைக் கப்பலிலிருந்து அப்படியே கடலில் தள்ளிவிட்டார்கள். அமெரிக்காவிலோ, உபரி விமானங்கள் காயலான் கடை விலைக்கு விற்பனைக்கு வந்தன. ஒரு கார் வாங்கும் காசில் போர் விமானமே கிடைத்தது. வேலையில்லாமல் வீட்டுக்குத் திரும்பியிருந்த இளம் விமானிகளுக்கு அது போதாதா?

கிளீவ்லாந்து: முதல் மேடை

ரீனோவுக்கு முன்னால் விமானப் பந்தயத்தின் தலைநகரம், ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து. ஈரி ஏரிக்கரை நகரம். போருக்காக நிறுத்தப்பட்ட தேசிய விமானப் பந்தயம் 1946-ல் மறுபடி தொடங்கியது. அதன் மகுடம், 'தாம்ப்ஸன் கோப்பை'.

குக் கிளீலண்ட் என்ற கடற்படை விமானி, சாதாரண கோர்ஸேருடன் 1946-ல் களமிறங்கி, முன்வரிசைக்கு வர முடியாமல் திரும்பினார். அடுத்த வருஷம் வேறொரு ஆயுதத்தோடு வந்தார். குட்இயர் நிறுவனம் செய்த 'எஃப்2ஜி' ரக சூப்பர் கோர்ஸேர். தாழ்ந்த உயரத்தில் எதிரி விமானங்களைத் துரத்திப் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்ட ரகம் அது. மூக்கில் இருந்த என்ஜினில் ஏழு ஏழாக நான்கு வரிசை, மொத்தம் 28 சிலிண்டர்கள். பார்க்க மக்காச்சோளக் கதிர் மாதிரி இருக்கும், பட்டப்பெயரும் அதுதான். 3,000 குதிரைத்திறன். போர் முடிந்துவிட்டதால், உற்பத்தி 10 விமானங்களோடு நின்றுபோனது.

1947-ல் கிளீலண்ட் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 637 கிலோமீட்டர். அவருடைய குழுவைச் சேர்ந்த டிக் பெக்கர் இரண்டாவது. ஆனால், அதே குழுவின் மூன்றாவது விமானி டோனி ஜனாஸோ உயிரோடு திரும்பவில்லை. பந்தயத்தின் நடுவே அவரது சூப்பர் கோர்ஸேர் தரையில் மோதியது. காக்பிட்டுக்குள் கசிந்த கார்பன் மோனாக்ஸைடு வாயுவால் அவர் மயங்கியிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது.

1948-ல் இன்னும் வேகம் வேண்டுமென்று புதுவகை எரிபொருளை முயன்று பார்த்தார்கள். என்ஜின் திருப்பி வெடித்ததில் முன்பகுதித் தகடுகள் பிய்ந்துபோயின. கிளீலண்ட், பெக்கர் இருவருமே பாதியில் வெளியேறினார்கள். 1949-ல் சிறகுகளின் நீளத்தைக் குறைத்துக்கொண்டு வந்த கிளீலண்ட், இரண்டாவது முறையாகக் கோப்பையைத் தூக்கினார். முதல் மூன்று இடங்களுமே சூப்பர் கோர்ஸேர்களுக்குத்தான்!

ஆனால், அன்று ஊர் பேசியது வெற்றியை அல்ல. பில் ஓடம், உலகைச் சுற்றிப் பறந்து சாதனை படைத்த புகழ்பெற்ற விமானி. கம்பங்களைச் சுற்றும் பந்தயத்தில் அனுபவம் குறைவு. அவர் ஓட்டிய மஸ்டாங் விமானம் திருப்பத்தில் கட்டுப்பாட்டை இழந்து, பக்கத்து ஊரான பெரியாவில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஓடம் இறந்தார். பந்தயத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் அந்த வீட்டில் இருந்த இளம் தாயும், அவருடைய கைக்குழந்தையும் இறந்துபோனார்கள்.

போரில் ஜெயித்த விமானிகளின் வீர விளையாட்டு என்று அதுவரை கொண்டாடிய ஊர், அதற்குப் பிறகு அப்படிப் பார்க்கவில்லை. கிளீவ்லாந்தின் பெரிய பந்தயங்கள் அத்தோடு முடிந்தன. கிளீலண்ட் கடற்படைக்கே திரும்பி, கொரியப் போரில் கோர்ஸேர் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார்.

பெயரிலேயே ஒரு விபத்து

15 வருஷங்கள் கழிந்தன. வீடுகளே இல்லாத இடத்தில் பந்தயம் வைத்தால் என்ன?

கேட்டவர் பில் ஸ்டெட். நெவாடாவின் பண்ணைக்காரர். போர்க்கால விமானி, படகுப் பந்தய வீரரும்கூட. நெவாடா மாநிலம் உருவான நூற்றாண்டு விழாவான 1964-ல், ரீனோ அருகே ஸ்கை ராஞ்ச் என்ற இடத்தில் முதல் பந்தயத்தை நடத்தினார். ஓடுபாதை வெறும் மண் தரை.

அந்த முதல் பந்தயத்தை வென்றதும் ஒரு கடற்படை விமானம்தான். பில் ஸ்டெட்டின் பேர்கேட். ஓட்டியவர் மிரா ஸ்லோவாக். செக்கோஸ்லோவாக்கியாவில் பயணிகள் விமானியாக இருந்தவர். 1953-ல் தான் ஓட்டிய விமானத்தையே மேற்கு ஜெர்மனிக்குத் திருப்பிக்கொண்டுபோய்த் தப்பித்தவர். சினிமாவாக எடுத்தால்கூட நம்ப மாட்டோம்!

1966-ல் பந்தயம் ஸ்டெட் விமான நிலையத்துக்கு மாறியது. 'பில் ஸ்டெட் பெயரை வைத்திருக்கிறார்கள்போல' என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது அவருடைய சகோதரர் க்ரோஸ்டனின் நினைவாக வைத்த பெயர். 1949-ல் மஸ்டாங் விமான விபத்தில் இறந்தவர் அவர். பந்தயம் இந்தத் திடலுக்கு வருவதைப் பார்க்க பில் ஸ்டெட்டுக்கும் கொடுத்துவைக்கவில்லை. அதே 1966 ஏப்ரலில், ஃப்ளோரிடாவில் குட்டிப் பந்தய விமானம் ஒன்றில் பயிற்சி எடுத்தபோது விபத்தில் இறந்தார்.

அண்ணன் தம்பி இருவருமே வானத்துக்குப் பலியான பிறகுதான், அவர்கள் குடும்பப் பெயர் தாங்கிய அந்தத் திடலில் முதல் பந்தயம் தொடங்கியது.

சிறகை வெட்டியவர், சிதைவை மீட்டவர்

ரீனோவில் இரண்டு பேர்கேட்களின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது.

டேரில் கிரீனமயர், லாக்ஹீட் நிறுவனத்தின் சோதனை விமானி. தன் பேர்கேட்டில் வேகத்துக்கு உதவாத எல்லாவற்றையும் கழற்றினார். சிறகு நுனிகளை வெட்டினார். விமானியின் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடிக் கூண்டை, தலை மட்டும் நுழைகிற அளவுக்குச் சின்னதாக்கினார். 'ஸ்கைரெய்டர்' விமானத்தின் பெரிய விசிறியைப் பொருத்தினார்.

'கான்க்வெஸ்ட் 1' என்று பெயரிட்ட அந்த விமானத்தில், 1965 முதல் 1969 வரை தொடர்ந்து ஐந்து முறையும் 1971-லும் ரீனோ பட்டத்தை வென்றார். 1969 ஆகஸ்ட் 16-ல் மணிக்கு 777 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, பிஸ்டன் என்ஜின் விமானங்களுக்கான உலக சாதனையை முறியடித்தார். அதற்கு முந்தைய சாதனை, ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் வெண்டல் 1939-ல் படைத்தது. 30 வருஷங்கள் யாராலும் தொட முடியாமல் இருந்த சாதனை அது.

இன்னொருவர், லைல் ஷெல்டன். முன்னாள் கடற்படை விமானி. இண்டியானா மாநிலத்தில் வால்பரைஸோ என்ற ஊரில் விபத்துக்குள்ளாகி, கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பேர்கேட் அவர் கண்ணில் பட்டது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதை மீட்டெடுத்தார். அதற்கென இருந்த என்ஜினுக்குப் பதிலாக, பெரிய விமானங்களில் பயன்படும் 'ஆர்-3350' என்ஜினைத் திணித்தார். அதுதான் 'ரேர் பேர்'. 1972-ல், நின்ற இடத்திலிருந்து கிளம்பி 3,000 மீட்டர் உயரத்தை வெறும் 91.9 விநாடிகளில் தொட்டது.

ஆனால், வேகம் சும்மா வரவில்லை. 1976-ல் மொஹாவியில் சக்கரங்கள் விரியாமலேயே வயிற்றால் தரையிறங்க வேண்டிவந்தது. பல ஆண்டுகள் பந்தயப் பக்கமே தலைகாட்ட முடியவில்லை. மறுபடியும் பழுதுபார்த்து, மறுபடியும் வந்தார்கள். 1989 ஆகஸ்ட் 21, நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம். உலக சாதனை! 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு முறை ரீனோ பட்டம். காயலான் கடைக்குப் போகவேண்டிய விமானம், உலகிலேயே வேகமான பிஸ்டன் விமானமானது.

'மேடே' கேட்டால்...

பந்தயம் எப்படி நடக்கும்? விமானங்கள் வானத்தில் வரிசைகட்டி வரும். வழிநடத்தும் விமானம் மேலே விலகி, 'பந்தயம் தொடங்கிவிட்டது' என்று வானொலியில் அறிவிக்கும். சுமார் 8 மைல் நீளமுள்ள நீள்வட்டப் பாதை. எல்லையைக் காட்டுவதற்கு ஆங்காங்கே உயரமான கம்பங்கள். அவற்றுக்கு உள்பக்கமாகப் போகக் கூடாது. சுற்று முழுக்க இடப்பக்கம் சாய்ந்தபடியே பறக்க வேண்டும்.

80 ஆண்டுக்கு முந்தைய என்ஜினிலிருந்து, அதைச் செய்தவர்கள் கனவிலும் நினைக்காத சக்தியைப் பிழிகிறார்கள். உள்ளே அழுத்தம் எகிறும். சூடு தாங்காமல் வெடித்துவிடாதபடி தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த கலவையைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். அது ஒரு கணம் நின்றாலும் பிஸ்டன் உருகும், இணைப்புத் தண்டு ஒடியும். எண்ணெய் பீய்ச்சியடித்து முன்கண்ணாடியை மறைக்கும். கண்ணைக் கட்டி ஓடுவது போலத்தான்.

அந்த நொடியில் விமானி செய்யவேண்டியது ஒன்றுதான். வேகத்தை உயரமாக மாற்றுவது! கையிலிருக்கும் வேகத்தை வைத்து செங்குத்தாக மேலே ஏறிவிட வேண்டும். 'மேடே' என்று அபாய அறிவிப்பு கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கீழே பந்தயத்தைத் தொடர, இவர் மேலிருந்து ஓடுபாதையைத் தேடி இறங்குவார். என்ஜின் நின்றுபோனால், அந்தப் பெரிய விசிறியே பிரேக் மாதிரி இழுக்கும். ஒரே ஒரு வாய்ப்புதான். பார்வையாளர் மேடை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சக்கரம் தரையைத் தொட்டதும் எழும் கைத்தட்டல், ஜெயித்தவருக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக இருக்கும்.

இங்கேதான் ஒரு முரண். பேர்கேட்டை வடிவமைத்தவர்கள், அளவுக்கு மீறி வளைத்தால் சிறகு நுனிகள் மட்டும் உடைந்து விழுந்து, மிச்ச விமானம் தப்பிக்கும்படி ஓர் ஏற்பாட்டையே யோசித்து வைத்திருந்தார்கள். சில சமயம் ஒரு பக்கம் மட்டும் உடைந்ததால் பின்னாளில் அதைக் கைவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் எண்ணம் ஒன்றுதான்: என்ன ஆனாலும் விமானி கப்பலுக்குத் திரும்ப வேண்டும். பந்தயக்காரர்கள் அதே விமானத்தை வாங்கி, வேகத்துக்காக அதே சிறகு நுனிகளை ரம்பம் போட்டு அறுத்தார்கள்!

எரிந்துபோன சூப்பர் கோர்ஸேர்

ஸ்டீவ் ஹிண்டன் என்ற இளம் விமானி, 1979-ல் 'ரெட் பேரன்' என்ற மாற்றியமைக்கப்பட்ட மஸ்டாங்கில் கிரீனமயரின் வேகச் சாதனையை உடைத்தார். அடுத்த மாதமே ரீனோவில் அதே விமானம் நொறுங்கியது. படுகாயங்களோடு பிழைத்தார்.

பிழைத்தவர் வீட்டில் உட்காரவில்லை. கலிஃபோர்னியாவின் சீனோ நகரிலுள்ள 'பிளேன்ஸ் ஆஃப் ஃபேம்' அருங்காட்சியகத்தின் நண்பர்களோடு சேர்ந்து, கோர்ஸேர் ஒன்றில் அந்த 28 சிலிண்டர் என்ஜினைப் பொருத்தி, புதிய சூப்பர் கோர்ஸேரை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1985-ல் அதிலேயே ரீனோ பட்டத்தை வென்றார்.

ஒன்பது வருஷம் கழித்து, 1994 மார்ச். அரிஸோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் அருகே பந்தயம். சூப்பர் கோர்ஸேரை ஓட்டியவர் கெவின் எல்ட்ரிட்ஜ். நடுவழியில் என்ஜின் பழுதாகி, தீப்பிடித்தது. அவர் விமானத்தை மேலே ஏற்றி, பாராசூட்டோடு குதித்தார். குதிக்கும்போது விமானத்தின் வால்பகுதியில் மோதி, கழுத்திலும் கையிலும் காலிலும் எலும்பு முறிந்தது. ஆனாலும் உயிர் பிழைத்தார். குணமாகி மறுபடி பறக்கவும் செய்தார். விமானம் பாலைவன மண்ணில் விழுந்து எரிந்து முடிந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஃப்ராங்க் ஸாண்டர்ஸ் குடும்பத்தினர், பர்மாவில் பணியாற்றிய ஸீ ஃப்யூரி ஒன்றை வாங்கி, அதே ராட்சச என்ஜினைப் பொருத்தினார்கள். 'ட்ரெட்நாட்' என்று பெயர். என்ஜினைக் கசக்கிப் பிழியாமல் அதன் இயல்பான பலத்தையே நம்பினார்கள். 1983-ல் பட்டம், 1986-ல் பட்டம், 2021-லும் பட்டம்! வேகம் மட்டுமே வெற்றியல்ல, கடைசிச் சுற்றுவரை உருப்படியாக இருப்பதும்தான் வெற்றி என்பதற்கு ட்ரெட்நாட்டே சாட்சி.

யார் உயிர்?

ரீனோ பந்தயத்தில் இத்தனை வருஷங்களில் 20-க்கும் மேற்பட்ட விமானிகள் இறந்திருக்கிறார்கள். 'தெரிந்தேதானே ஏறினார்கள்' என்று சொல்லிவிடலாம். 2011-க்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

2011 செப்டம்பர் 16. 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற மஸ்டாங். 1940-களில் கிளீவ்லாந்திலும் பந்தயம் ஓடிய அதே பழைய விமானம். வேகத்துக்காகப் பெரிதும் மாற்றப்பட்டிருந்தது. வால்பகுதியிலுள்ள சின்னத் தகடு ஒன்றைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்திருந்தன. அந்தத் தகடு படபடத்து உடைய, விமானம் திடீரென விர்ரென்று மேலே எழும்பியது. புவியீர்ப்பைப்போல 17 மடங்குக்கும் மேலான விசையில் 74 வயது விமானி ஜிம்மி லீவார்டு நினைவிழந்தார். விமானம் பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்த பகுதிக்கு முன்னால் வந்து மோதியது. அவரோடு சேர்த்து 11 பேர் பலி. 60-க்கும் மேற்பட்டோர் காயம்.

ஒரு பழைய திருகு. அவ்வளவுதான்.

விசாரணை அமைப்பின் பரிந்துரைகளின்படி விதிகள் இறுக்கப்பட்டன. 2012-லேயே பந்தயம் மறுபடி நடந்தது. அதே மாதத்தில் வேறொரு மாநிலத்திலிருந்து ஒரு சோகச் செய்தி வந்திருந்தது. கிளீலண்ட் 1947-ல் கோப்பை வென்ற அதே 74-ம் எண் சூப்பர் கோர்ஸேரை, நார்த் டகோட்டாவைச் சேர்ந்த பாப் ஓடகார்ட் வருஷக்கணக்கில் உழைத்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். சாகசக் காட்சிக்கான ஒத்திகையில் அது விழுந்து நொறுங்கியது. மீட்டெடுத்தவரும் போனார், மீட்கப்பட்டதும் போனது. 10 மட்டுமே தயாரான அந்த ரகத்தில் இன்று மிஞ்சியிருப்பவற்றை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இதற்கிடையே ஸ்டெட்டைச் சுற்றி இன்னொரு மாற்றம் நடந்தது. 1966-ல் வெறும் புதர்க்காடாக இருந்த இடத்தில் வீடுகளும் கிடங்குகளும் முளைத்தன. வீடுகளே இல்லாத இடம் வேண்டுமென்று தேடி வந்த பந்தயத்தை நோக்கி, ஊரே நகர்ந்து வந்துவிட்டது! காப்பீட்டுச் செலவும் ஏறியது. 2023 செப்டம்பரோடு ரீனோவில் பந்தயம் முடிகிறது என்று விமான நிலைய ஆணையம் அறிவித்தது.

அந்தக் கடைசி நாளிலும் துக்கம் விடவில்லை. டி-6 ரகப் பந்தயம் முடிந்து இறங்கும் நேரத்தில் இரண்டு விமானங்கள் வானத்தில் மோதி, இரு விமானிகளும் இறந்தார்கள். டி-6 பயிற்சி விமானம். கப்பலில் இறங்கப் பழகிய ஒரு தலைமுறைக் கடற்படை விமானிகள், 'எஸ்என்ஜே' என்ற பெயரில் பாடம் படித்தது அதில்தான். மிச்சப் பந்தயங்கள் ரத்தாயின. 60 வருஷத் திருவிழா, கொடியிறக்காமலேயே முடிந்தது.

இப்போது எங்கே பார்க்கலாம்?

2025 செப்டம்பரில் பந்தயம் நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல்லுக்குக் குடிபெயர்ந்தது. பறக்கும் தட்டு கதைகளால் பிரபலமான அதே ராஸ்வெல்தான்.

பந்தயம் வேண்டாம், விமானத்தைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது சீனோவின் 'பிளேன்ஸ் ஆஃப் ஃபேம்'. அங்கே பல விமானங்கள் இன்றும் பறக்கும் நிலையில் இருக்கின்றன.

மகனையோ மகளையோ பார்க்க வாஷிங்டன் பக்கம் போகிறவர்கள், டல்லஸ் விமான நிலையத்தின் அருகிலுள்ள 'உத்வார்-ஹேஸி' மையத்துக்கு அரைநாள் ஒதுக்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தத்துக்கு மட்டும்தான் காசு. 'டிஸ்கவரி' விண்கலத்தைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் பெரும்பாலோர், சற்றுத் தள்ளி மஞ்சள் நிறத்தில் நிற்கும் 'கான்க்வெஸ்ட் 1'-ஐக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். பேரன், பேத்தியோடு போனால் அதன் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். சிறகின் முனையையும், உள்ளங்கையளவு கண்ணாடிக் கூண்டையும் காட்டுங்கள்.

இந்த விமானங்களைப் பறக்க விட வேண்டுமா, கூரைக்கடியில் பத்திரமாக நிறுத்த வேண்டுமா? சத்தம் இல்லாத பேர்கேட் வெறும் தகரம்தான் என்பார்கள் ரசிகர்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், பெரியாவில் அந்தத் தாயும் குழந்தையும் எந்தப் பந்தயத்துக்கும் டிக்கெட் வாங்கவில்லை. தன் உயிரைப் பணயம் வைப்பது விமானியின் விருப்பம். பக்கத்து வீட்டின் கூரையையும் சேர்த்துப் பணயம் வைக்க அவருக்கு உரிமை இல்லை. ராஸ்வெல் அந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால், கிளீவ்லாந்தும் ரீனோவும் அதைத் தாமதமாகத்தான் போட்டன.